தேறலை வாலையில் ஏற்றாதீர்!

தமிழுணர்வு மிக்க இளைஞர் சிலர் புதியதொரு வழக்குரைக்கின்றனர். “2003 முதல் அரசே கடை விரித்துப் பிராந்தியும் விசுக்கியும் விற்கின்றது, நம் வீட்டுப் பானையில் நாமே வடித்தால் குற்றமென்ன? கழகக் காலத்துத் தமிழனும் தேறல் வடித்தவன்தானே!” என்பது அவர்தம் கூற்று.

முற்பாதிக்கு விடை எளிது. அரசு செய்யுந் தீங்கு நம் தீங்கை அறமாக்காது. பிற்பாதியோ தமிழ்மேற் பழியேற்றுவது. அதனைப் பொறுத்தல் ஒல்லாது.

தேறல் என்பது தெளிந்த கள். தேறு என்னும் வினையே அதற்குச் சான்று. கள்ளாக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை விளங்கக் கூறுகின்றது: அரிசிக் கூழைத் துழாவி ஆற்றி, முளைநெல்லை இடித்துக் கலந்து, பகலும் இரவும் இருமுறை கழியச் சாடியில் முதிரவிட்டு, அரித்தெடுத்தனர். மலைபடுகடாத்திலோ மூங்கிற் குழாயில் முற்றிய தேறல். ஊறலுண்டு, முதிர்தலுண்டு, தெளிதலுண்டு. ஆவியைப் பிடித்துக் குளிர்வித்தல் எவ்வடியில் உண்டு? காட்டுக!

வேறுபாடு சிறிதன்று. ஆல்ககால் எனப்படும் வெறியம், ஊறலில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை எட்டுமுன்னரே பெரும்பாலும் நொதியை முடக்கிவிடும். கள் அங்கே நின்றுவிடும். வடித்ததோ 40, 50 என்று ஏறும்.

வடிக்குங் கலத்துக்கு வாலை என்று பெயர். அடுப்பின்மேற் கொதிகலம், அதன்மேற் குளிர்நீர்க் கலம், ஆவி அதன் அடியிற் பட்டு நீராய்ச் சொட்ட, அதனை ஏந்த ஒரு வழி. சித்த மருத்துவர் இதிலேதான் ஓமத் தீநீர் இறக்கினர். பள்ளி நூலிலும் ‘வாலை வடிநீர்’ என்னும் அழகிய சொல் அச்சேறியது. படித்துத் தேறிய பிள்ளையோ மின்கலத்துக்கு ஊற்றக் கடையில் ‘டிஸ்டில்டு வாட்டர்’ கேட்கின்றான்! மருந்துக் கலத்தின் பெயரை மறந்தோர், சாராயப் பானைக்கு மட்டும் ஈராயிரம் ஆண்டுப் பழமை தேடுகின்றனர்.

2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. “அது கலந்தவன் குற்றம், எம் பானை தூயது” என்பீர். மெத்தனால் ஏறத்தாழ 65 பாகையிற் கொதிக்கும், வெறியம் 78-இல். கனியூறலில் மெத்தனால் தானேயும் சிறிதளவு தோன்றும். இரண்டும் கலந்தே ஆவியாகும்; மூக்கும் நாவும் பிரித்தறியா. கசியும் ஆவி அடுப்புத் தீயைத் தொடின், கூரை எரியும். வடிக்குங் கலத்தை அதற்கென வைத்திருப்பதையே குற்றமாக்கிய 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கின்றது. சிறைக்குச் செல்வோன் பெரும்பாலும் கூலியாளே. மேடையில் தேறல் பேசியவன் அல்லன்.

வழக்குரைத்த இளைஞர் அடுத்த கூட்டத்துக்கு வருங்கால் பத்துப்பாட்டை உடன் கொணர்க. அடி அடியாகப் பார்ப்போம்.