1885 இன்னும் போகவில்லை

காலனியச் சட்டங்களைக் களைவதாகக் கூறித்தான் 2023 டிசம்பரில் ஒன்றிய பாஜக அரசு தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140க்கும் மேற்பட்டோர் இடைநீக்கம் செய்யப்பட்டு அவைக்கு வெளியே நின்றிருந்தனர்! 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் வெள்ளையர் எழுதிவைத்த ‘பொது அவசரநிலை’, ‘பொதுப் பாதுகாப்பு’ என்னும் சொற்கள் புதிய சட்டத்தின் 20ஆம் பிரிவிலும் அமர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு வரையறை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இச்சொற்களின் பலத்தில்தான் இணையம் துண்டிக்கப்படுகிறது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் பறிக்கப்பட்ட 4ஜி சேவை திரும்பிவர 18 மாதங்கள் ஆயின. காலவரையற்ற முடக்கம் கூடாது, ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 2023இல் மணிப்பூரில் மாதக்கணக்கில் கைப்பேசி இணையம் முடக்கப்பட்டது.

ரேஷன், பணப்பரிமாற்றம், நூறுநாள் வேலையின் வருகைப் பதிவு என அனைத்தையும் இணையத்தில் ஏற்றிவைத்த அரசுதான் அதைத் துண்டிக்கவும் செய்கிறது. உணவு விநியோகத் தொழிலாளிக்கு இணையம் நின்றால் அன்றைய கூலி இல்லை. இழப்பீடு பற்றி யாரும் பேசுவதுமில்லை.

2024 நவம்பர் விதிகளின்படி ஓர் ஆணைக்கு 15 நாளே ஆயுள். ஆனால் அதை ஆராயும் ஒன்றிய மறுஆய்வுக் குழுவில் இருப்போர் அமைச்சரவைச் செயலாளர் முதலான அதிகாரிகளே. ஆணையிடுவதும் அரசு, ஆராய்வதும் அரசு! ஓய்வுபெற்ற நீதிபதிகளையும் மக்கள் பிரதிநிதிகளையும் சேர்க்குமாறு 2021இலேயே நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். விதியில் ஒரு திருத்தம் போதும்.