12க்கு 12 எடுத்த நார்வேயை யார் கேட்டார்கள்?

2026 மிலானோ-கோர்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஏறத்தாழச் சரிபாதி இடம் கொடுத்துவிட்டதாகச் சர்வதேச ஒலிம்பிக் குழு பெருமை பேசுகிறது. அந்தக் கணக்கில் நார்டிக் கம்பைண்ட் விளையாட்டைக் காணோம். உயரமான சறுக்குமேடையிலிருந்து தாவிவிட்டு, பிறகு பனிச்சறுக்கு ஓட்டமும் ஓட வேண்டிய போட்டி இது. ஆண்களுக்கு 3 பதக்கப் போட்டிகள், 36 இடங்கள். பெண்களுக்கு ஒன்றுமே இல்லை. 1924இல் பிரான்ஸின் சாமோனியில் தொடங்கியதிலிருந்து இதே கதைதான். அமெரிக்காவின் ஆனிகா மலசின்ஸ்கியும் அவருடைய தம்பி நிக்லஸும் இதே விளையாட்டில்தான் இருக்கிறார்கள். தம்பிக்கு ஒலிம்பிக் வாசல் திறந்திருக்கிறது, அக்காவுக்கு மூடியிருக்கிறது.

2022 ஜூனில் ஒலிம்பிக் குழு பெண்கள் பிரிவை மறுத்தபோது சொன்ன காரணங்கள்: பங்கேற்கும் நாடுகள் குறைவு, பார்ப்பவர்கள் குறைவு. ஆண்கள் பிரிவையே அரைமனதாகத்தான் விட்டுவைத்தார்கள். முந்தைய 3 ஒலிம்பிக்குகளின் 27 பதக்கங்களும் நான்கே நாடுகளுக்குப் போய்விட்டன என்பது அவர்களுடைய குறை.

நான்கு நாடுகள் என்பது குறைவா? பழைய பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1924 சாமோனியில் மூன்று பதக்கமும் நார்வேக்கு. 1928 செயின்ட் மோரிட்ஸில் மூன்றும் நார்வேக்கு. 1932 லேக் பிளாசிட், 1936 கார்மிஷ், இரண்டிலும் அப்படியே. 12க்கு 12! ஆனாலும் ஒவ்வொரு முறையும் இந்த விளையாட்டு அட்டவணையில் இருந்தது. பலன் என்ன? 1948இல் ஃபின்லாந்தின் ஹெய்க்கி ஹாசு தங்கம் வென்றார். வெள்ளியும் ஃபின்லாந்துக்கு, வெண்கலம் ஸ்வீடனுக்கு. நார்வே வெறுங்கையோடு திரும்பியது. ஆண்களுக்கு இந்த அவகாசம் கிடைத்தது. பெண்களின் முதல் உலக சாம்பியன்ஷிப் 2021இல்தான் நடந்தது. அதில் மூன்று பதக்கமும் நார்வேக்குப் போனதைக் காட்டி வாதாடுகிறவர்கள் வரலாறு தெரியாதவர்கள், அல்லது தெரிந்தே மறைப்பவர்கள்.

பெண்களைத் தள்ளிவைக்கச் சாக்கு சொல்வது புதிதும் அல்ல. சறுக்குமேடையிலிருந்து தாவும் ஸ்கை ஜம்ப்பிங் பெண்களுக்கு மருத்துவ ரீதியில் ஏற்றதல்ல என்று 2005இல் பேசியவர் சர்வதேச ஸ்கை கூட்டமைப்பின் அன்றைய தலைவர் ஜியான் ஃபிராங்கோ காஸ்பர். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் இடம் கேட்டுப் பெண்கள் நீதிமன்றம் போனார்கள். இது பாகுபாடுதான், ஆனால் ஒலிம்பிக் குழுவைக் கனடா நாட்டுச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றது பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றம். கடைசியில் 2014 சோச்சியில் கதவைத் திறந்தார்கள். முதல் போட்டியிலேயே தங்கம் ஜெர்மனிக்கு, வெள்ளி ஆஸ்திரியாவுக்கு, வெண்கலம் பிரான்ஸுக்கு. நாடுகள் போதாது என்ற வாதம் அன்றே செத்துவிட்டது.

உடல் தாங்குமா என்ற கேள்விக்கும் இனி இடமில்லை. 1952இல் பெண்களுக்கு முதன்முதலாகக் கொடுத்த பனிச்சறுக்கு ஓட்டம் 10 கிலோமீட்டர். 2026இல் ஆண்களுக்குச் சமமாக 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஓடலாம், மேடையிலிருந்து தாவலாம், ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் மட்டும் ஒலிம்பிக்கில் இடமில்லை என்பது விளையாட்டு நிர்வாகம் அல்ல, வீம்பு.

2030 போட்டி பிரெஞ்சு ஆல்ப்ஸில். பெண்கள் இல்லாத பட்டியல் வந்தால் ஆண்களும் போகக் கூடாது. அந்த 27 பதக்கங்களைப் பங்கிட்டுக்கொண்ட நார்வே, ஜெர்மனி, ஆஸ்திரியா, ஜப்பான் நான்கும் வர மறுத்தால் போட்டியே நடக்காது. அந்த நாடுகளின் ஸ்கை சங்கங்கள் இதை இன்றே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.