முதலில் கை பழகட்டும்!

2024-ம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அரியானா மாநிலத்தைச் சேர்ந்த மனு பாக்கர் என்ற பெண், கைத்துப்பாக்கி சுடுவதில் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வாங்கினார். ஒன்று தனியாகச் சுட்டு வாங்கியது. மற்றொன்று சரப்ஜோத் சிங் என்ற வாலிபருடன் ஜோடியாகச் சுட்டு வாங்கியது. துப்பாக்கி சுடுவதில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்போது அவருக்கு வயது 22.

நாடே மகிழ்ந்தது. மகிழ வேண்டியதுதான்.

ஆனால் இப்படி ஒரு வெற்றி வந்தால், அதன் பின்னாலேயே ஓர் ஆசையும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. "அப்பா, எனக்கும் ஒரு பிஸ்டல் வாங்கிக் கொடுங்கள்" என்று பிள்ளை கேட்கிறது. போட்டிக்கு உரிய நல்ல காற்றுக் கைத்துப்பாக்கி வேண்டுமானால் லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். பிள்ளை மீது உள்ள பாசத்தால் தகப்பனார் கடன் வாங்கத் துணிகிறார். தாயார் நகையைக் கழற்றிக் கொடுக்கிறார்.

அந்தப் பெற்றோருக்கு நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். அவசரப்படாதீர்கள்! முதலில் கை பழகட்டும். கருவி பிறகு வரட்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறோம்? இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே விளங்கும்.

சட்டைப் பொத்தான் அளவு!

காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். அதில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள் போட்டிருக்கும். நட்ட நடுவில் உள்ள வட்டத்தில் பட்டால் 10 புள்ளி. அந்த வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். அதாவது, ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான்! அடுத்த வளையத்தில் பட்டால் 9. அதற்கும் அடுத்ததில் பட்டால் 8. இப்படியே புள்ளி குறையும்.

சுடுவதற்குச் சிறிய ஈயக் குண்டு. அதன் பருமன் 4.5 மில்லிமீட்டர். வெடிமருந்து கிடையாது. அழுத்தி அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது.

முதல் சுற்றில் 60 தடவை சுட வேண்டும். அதற்கு 75 நிமிடம் கொடுப்பார்கள். நின்றுகொண்டுதான் சுட வேண்டும். ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு எந்த முட்டும் கொடுக்கக் கூடாது. எதன் மீதும் சாயக் கூடாது.

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு கையில் எடுங்கள். கையை நேராக நீட்டுங்கள். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி பத்து விநாடி நில்லுங்கள். கை ஆடுகிறது அல்லவா? போட்டித் துப்பாக்கியும் ஏறக்குறைய அந்த எடைதான் இருக்கும். அதை அறுபது தடவைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும்!

கை ஆடாத மனிதர் உலகில் கிடையாது. ஒலிம்பிக் வீரரின் கையும் ஆடத்தான் செய்யும். அப்படியானால் அவர் மட்டும் எப்படிப் பத்தைத் தொடுகிறார்?

தவறு எங்கே நடக்கிறது?

துப்பாக்கிக் குழலின் முனையில் ஒரு சிறிய முளை இருக்கும். பின்பக்கம், கண்ணுக்கு அருகே, பள்ளம் வெட்டிய ஒரு தகடு இருக்கும். அந்தப் பள்ளத்தின் நடுவில் முளை தெரிய வேண்டும். முளைக்கு இரண்டு பக்கமும் தெரியும் வெளிச்சம் சமமாக இருக்க வேண்டும். முளையின் தலையும் தகட்டின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம்.

கை முழுவதுமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், இலக்கிலும் குண்டு ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். அது பெரிய நஷ்டம் அல்ல.

ஆனால் மணிக்கட்டு திரும்பி, பள்ளத்தில் முளை மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகும்? முளைக்கும் தகட்டுக்கும் நடுவே சுமார் 32 சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. இலக்கோ 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதாவது முப்பது மடங்குக்கு மேல்! ஆகவே இங்கே ஒரு மில்லிமீட்டர் தவறினால், அங்கே 31 மில்லிமீட்டர் தவறும். பத்து வாங்க வேண்டிய குண்டு ஏழுக்குப் போய்விடும்.

இதுதான் இந்த விளையாட்டின் ரகசியம். புதிதாகச் சுடுகிறவர் இலக்கையே உற்றுப் பார்ப்பார். பழகியவர் முளையைப் பார்ப்பார். முளை தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். கேட்பதற்கு விநோதமாக இருக்கும். ஆனால் கண் ஒரே நேரத்தில் இரண்டு தூரங்களைத் தெளிவாகப் பார்க்க முடியாது. எதைத் தெளிவாகப் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

விசையில்தான் விஷயம்!

இன்னொரு தவறு விரலில் நடக்கிறது.

காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 500 கிராம் கனத்தைத் தாங்க வேண்டும் என்பது விதி. அதாவது அரைக் கிலோ. அந்த அழுத்தத்தை விரல் மெதுவாக, நேராகப் பின்னோக்கிக் கொடுக்க வேண்டும். "இதோ, சரியாக நிற்கிறது, இப்போது சுட்டுவிடலாம்" என்று நினைத்து வெடுக்கென்று இழுத்தால் போச்சு! விரலோடு சேர்ந்து மணிக்கட்டும் அசையும். முளை விலகும். பிறகு நடப்பதை மேலே சொன்ன கணக்கே சொல்லும்.

மூச்சையும் கவனிக்க வேண்டும். கை இறங்கி நிற்கும்போது மூச்சைப் பாதி விட்டு, சில விநாடி நிறுத்திக்கொள்வார்கள். அதற்குள் சுட்டுவிட வேண்டும். சுட முடியவில்லையா? கையை இறக்கிவிட வேண்டும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். "தூக்கிவிட்டோமே" என்பதற்காகச் சுடுகிறவர் கெட்டார். இறக்கி வைக்கத் தெரிந்தவரே பிழைத்தார்!

குண்டு போன பிறகும் ஒரு விநாடி அப்படியே நிற்க வேண்டும். உடனே கையைத் தளர்த்தும் பழக்கம் வந்துவிட்டால், அது நாளடைவில் குண்டு போகும் முன்பே தளர்த்தும் பழக்கமாக மாறிவிடும்.

இவற்றையெல்லாம் பழகக் குண்டுகூட வேண்டாம். பெரிய வீரர்களும் குண்டு போடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தினமும் வெறுமனே விசையை அழுத்திப் பழகுகிறார்கள். முளை அசையாமல் விசை விழுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் பயிற்சி. அதற்குச் செலவு கிடையாது. பொறுமைதான் வேண்டும்.

கருவி முக்கியம் இல்லையா?

முக்கியம்தான். இல்லை என்று நாம் சொல்லவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக் 2021-ம் ஆண்டு நடந்தது. அங்கே மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய துப்பாக்கி பழுதாகிவிட்டது. அதைச் சரி செய்வதற்குள் விலைமதிப்பற்ற நிமிடங்கள் ஓடிவிட்டன. திரும்பி வந்து அவசர அவசரமாகச் சுட்டு முடித்தார். 600-க்கு 575 புள்ளி எடுத்தார். கிடைத்தது 12-வது இடம். இறுதிச் சுற்றுக்கு 8 பேருக்குத்தான் இடம். கண்ணீரோடு திரும்பினார். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில்தான் அந்தக் கண்ணீர் துடைக்கப்பட்டது.

ஆகவே கருவி ஒழுங்காக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கருவி கைக்குப் பொருந்த வேண்டும். போட்டித் துப்பாக்கியின் கைப்பிடியை விரல்களுக்கு ஏற்றபடி மரத்தில் குடைந்திருப்பார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல அளவுகள் உண்டு. வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. உறுத்தும் இடத்தை அரத்தால் தேய்த்தும், இடைவெளி உள்ள இடத்தை மரப்பசையால் நிரப்பியும் வீரர்கள் தங்கள் கைக்குச் சரியாக்கிக்கொள்கிறார்கள்.

வளரும் பிள்ளையின் கை வளர்ந்துகொண்டே இருக்கும். இன்று பொருந்தும் பிடி இரண்டு வருஷத்தில் இறுக்கிப் பிடிக்கும். எந்தப் பிடி தனக்குச் சரி என்பதே நின்று, தூக்கி, சுட்டுப் பழகிய பிறகுதான் தெரியும். பழகாத கைக்கு வாங்கும் விலை உயர்ந்த துப்பாக்கி, கால் அளவு தெரியாமல் வாங்கிய செருப்பு போன்றது.

பாரிஸ் ஒலிம்பிக்கில் எல்லோரும் வியந்து பேசிய ஒரு மனிதர் உண்டு. துருக்கி நாட்டைச் சேர்ந்த யூசுப் டிகெச். வயது 51. மற்ற வீரர்கள் கண்ணுக்கு விசேஷமான வில்லையும் மறைப்பும் மாட்டியிருந்தார்கள். இவர் சாதாரண மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு சுட்டார். ஜோடிப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்!

"கருவியே வேண்டாம் போலிருக்கிறதே" என்று பலர் நினைத்தார்கள். அதுவும் தவறு. அவர் கையில் இருந்ததும் நல்ல போட்டித் துப்பாக்கிதான். அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். 2008-ம் ஆண்டு முதல் ஒன்று விடாமல் போனவர். கண்ணாடியை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த பழக்கம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

வலது கையை இழந்த வீரர்

இன்னும் ஒருவருடைய கதையைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் காரோலி டாகாஸ். ஹங்கேரி நாட்டு ராணுவ வீரர். கைத்துப்பாக்கி சுடுவதில் பெயர் பெற்றவர்.

1938-ம் ஆண்டு ராணுவப் பயிற்சியின்போது பழுதான ஒரு கைக்குண்டு வெடித்தது. அவருடைய வலது கை சிதைந்துவிட்டது. சுடும் கையே போய்விட்டது!

அவர் வீட்டில் முடங்கவில்லை. இடது கையால் பழகத் தொடங்கினார். வலக்கைக்குத் தெரிந்ததெல்லாம் இடக்கைக்குத் தெரியாது. குழந்தைக்கு அரிச்சுவடி சொல்லித் தருவது போலத் தொடங்க வேண்டியிருந்தது. உலகப் போரால் 1940, 1944 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளும் நடக்கவில்லை. அவர் காத்திருந்தார். பழகிக்கொண்டே இருந்தார்.

1948-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் வந்தது. அப்போது அவருக்கு வயது 38. விரைவாகச் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டியில், இடது கையால் 600-க்கு 580 புள்ளி எடுத்தார். அது உலக சாதனை! தங்கப் பதக்கம் அவருக்கே. 1952-ம் ஆண்டு ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம் வாங்கினார்.

கடையில் வாங்கக் கூடியதாக இருந்தால் அந்தத் திறமையை அவர் ஒரே நாளில் வாங்கியிருப்பார். அதைப் பழகித்தான் பெற வேண்டியிருந்தது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிள்ளைக்கு ஆசை இருந்தால் தடுக்க வேண்டாம். அருகில் உள்ள நல்ல சுடும் பயிற்சிக் கழகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கழகத்துத் துப்பாக்கியில் பழகட்டும். நிற்கவும், பார்க்கவும், மூச்சைக் கட்டவும், விசையை அழுத்தவும் கற்றுக்கொள்ளட்டும். சில மாதம் போனபின் ஆசை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பயிற்சியாளரைக் கேட்டு, பிள்ளையின் கை அளவைப் பார்த்து, சட்ட விதிகளையும் விசாரித்து வாங்குங்கள். பழைய துப்பாக்கி வாங்கினால் காற்று அடைக்கும் குழாயின் காலக்கெடுவைப் பார்க்க மறக்காதீர்கள். கெடு முடிந்த குழாய் ஆபத்து. போட்டியிலும் அதற்கு இடமில்லை.

எல்லாவற்றுக்கும் முந்திய பாடம் பத்திரம். காற்றுத் துப்பாக்கிதானே என்று அலட்சியம் கூடாது. அதன் குண்டு ஒரு கண்ணைப் பறித்துவிடும். குண்டு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தாலும், இருப்பதாகவே நினைக்க வேண்டும். குழல் முனை இலக்கைத் தவிர வேறு எங்கும் திரும்பக் கூடாது. சுடும் நேரம் வரும் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. வீட்டில் வைத்தால் பூட்டி வைக்க வேண்டும். இந்த நான்கையும் கடைப்பிடிக்காத பிள்ளைக்குத் துப்பாக்கி கொடுப்பது பாசம் ஆகாது.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. பதக்கம் வாங்கியவருக்குப் பரிசு கொடுப்பது நல்லதுதான். அதோடு, மாவட்டந்தோறும் ஒரு சுடும் கூடமும், பொதுவில் சில துப்பாக்கிகளும், பல அளவுகளில் கைப்பிடிகளும், நல்ல பயிற்சியாளர் ஒருவரும் இருந்தால், ஏழை வீட்டுப் பிள்ளையும் கை பழகலாம். திறமை எந்த வீட்டில் பிறந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கடன் வாங்க முடிந்தவரின் பிள்ளைதான் சுட முடியும் என்ற நிலை இருக்கக் கூடாது.

துப்பாக்கியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஆடும் கையோடு நின்று, அவசரப்படாமல் விசையை அழுத்தும் மனத்தை வாங்க முடியாது. அதைத் தினம் தினம் பழகித்தான் பெற வேண்டும்.

முதலில் கை பழகட்டும்!