ஏறாமல் விட்ட சிகரம்

விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பிள்ளைகள் நண்பர்களோடு மலைப்பயணம் புறப்படுவதும், பெற்றோர் அரைமனத்தோடு விடைகொடுப்பதும் இப்போது பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அத்தகைய இல்லங்களுக்குப் பயன்படக்கூடும் என்றெண்ணி, என் வாழ்வில் நடந்த ஒரு நாளின் கதையை இம்மாதம் எழுதுகிறேன். அன்று நான்கு சிகரங்களில் ஏறுவதாகப் புறப்பட்டோம்; மூன்றோடு திரும்பினோம். எஞ்சிய ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

என் அக்காள் மகன் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் மருத்துவராக இருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில் அவன் வீட்டில் தங்கியிருந்தேன். அவனும் அவனுடைய பதினாறு வயது மகளும் மலைநடையில் பழகியவர்கள். பிரிட்டனிலேயே உயர்ந்த மலையான பென் நெவிஸுக்கு என்னையும் அழைத்தார்கள். அதன் உயரம் 1,345 மீட்டர் என்று கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். நம் தொட்டபெட்டாவில் ஏறக்குறைய பாதிதானே! அப்போது எனக்கு வயது ஐம்பத்தெட்டு. நாள்தோறும் ஐந்து மைல் நடப்பவன் என்ற பெருமையும் உண்டு.

“மாமா, உயரத்தை மட்டும் பார்த்து மதிப்பிடாதீர்கள்” என்றான் மருமகன். அவன் சொன்னதன் பொருள் பின்னரே விளங்கிற்று. அம்மலையின் அடிவாரமாகிய ஃபோர்ட் வில்லியம் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். ஆதலால் உயரம் முழுவதையும் காலால்தான் ஏறவேண்டும். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மேகமாகி, மழையாகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை பாகை செல்சியஸ் குறையும். 1883 முதல் 1904 வரை உச்சியிலேயே ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே இரவு பகல் பாராது மணிக்கொரு முறை அளவெடுத்தவர்கள் கண்டது என்ன? ஆண்டின் சராசரி வெப்பம் உறைநிலைக்குச் சற்றுக் கீழே. ஆண்டு மழை ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். அடிவாரத்து ஊரில் பெய்வதைப்போல் இரு மடங்கு!

நாங்கள் தேர்ந்த பாதை குதிரை லாடத்தைப் போல் வளைந்தது. கார்ன் பெக் ஜெரக், 1,010 மீட்டர். கார்ன் ஜெரக் மியானக், 1,179 மீட்டர். கார்ன் மோர் ஜெரக், 1,220 மீட்டர். கேலிக் மொழியில் இவை முறையே சின்னச் செங்குன்று, நடுச் செங்குன்று, பெரிய செங்குன்று என்று பொருள்படும். அங்குள்ள கருங்கல் செந்நிறம் கலந்தது. மூன்றாவது குன்றிலிருந்து, இருபுறமும் சரிந்து நடுவில் ஒடுங்கிய ஒரு பாறைவரப்பு அரிவாள்போல் வளைந்து, தாழ்ந்து, பின்னர் பென் நெவிஸின் மேல் ஏறுகிறது.

முதல் நாள் இரவு வரைபடத்தை விரித்துக் கணக்கிட்டவள் பேத்திதான். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்த விதி ஒன்று உண்டு. மூன்று மைலுக்கு ஒரு மணி. அதனோடு ஒவ்வோர் ஈராயிரம் அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. எங்கள் பாதை ஏறக்குறைய 17 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 1,500 மீட்டர். ஆறு மணி நேரம் என்று கணக்கு வந்தது. இளைப்பாறலுக்கும் என் வயதுக்குமாக இன்னும் நான்கு மணி சேர்த்தாள். பின்பு மூவரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். பிற்பகல் ஒரு மணிக்குள் மூன்றாம் சிகரத்தை அடையாவிட்டால் திரும்பிவிடுவது. அடைந்தாலும் பாறைவரப்பின்மேல் மேகம் இறங்கியிருந்தால் திரும்பிவிடுவது. திரும்புவோம் என்று ஒருவர் சொன்னால் மற்ற இருவரும் மறுப்பதில்லை. நானும் தலையசைத்தேன்.

காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். வானம் கழுவி விட்டாற்போல் தெளிந்திருந்தது. காட்டைக் கடந்து, கால் புதையும் சதுப்புநிலத்தில் தத்தித் தத்தி ஏறினோம். ஒன்பதரை மணிக்கு முதற் சிகரம். கிழக்கே வெயில், மேற்கே பள்ளத்தாக்கில் மூடுபனி. அந்தப் பனித்திரையின்மேல் என் நிழல் நீண்டு விழுந்திருந்தது. அதன் தலையைச் சுற்றி ஒரு வண்ண வளையம்! நான் பிரமித்து நின்றேன். 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் ஆய்வுக்கூடத்தில் தங்கியிருந்த வில்சன் என்ற இளம் விஞ்ஞானி இத்தகைய காட்சிகளைக் கண்டு வியந்தார். அவற்றை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உண்டாக்க முயன்றே மேக அறை என்னும் கருவியைப் படைத்தார். கண்ணுக்குப் புலனாகாத அணுத்துகள்களின் தடத்தைக் காட்டிய அக்கருவிக்காக 1927-இல் நோபல் பரிசு பெற்றார்.

இரண்டாம் சிகரத்துக்குள் மூன்று பருவங்களைக் கண்டோம். பத்து நிமிடம் சாரல், பின் வெயில், பின் மிளகுபோல் ஆலங்கட்டி. மேற்சட்டையைக் கழற்றுவதும் மாட்டுவதுமே வேலையாயிற்று. பன்னிரண்டு மணிக்கு முன்பே மூன்றாம் சிகரத்தில் நின்றோம். எதிரே பென் நெவிஸின் வடமுகம்! அறுநூறு மீட்டருக்கும் மேலான செங்குத்துப் பாறைச்சுவர்; அதன் இடுக்குகளில் ஜூன் மாதத்திலும் உருகாத பனி. அவ்வளவு அருகில் இருந்தது. கைநீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது.

உணவுப் பொதியை அவிழ்த்து உண்டு முடிப்பதற்குள் காற்று திசைமாறிற்று. தென்மேற்கிலிருந்து சாம்பல்நிற மேகம், பால் பொங்கி வழிவதுபோல் பாறைவரப்பின்மேல் வழிந்து இறங்கியது. முதலில் பென் நெவிஸ் மறைந்தது. பின்னர் வரப்பின் பாதி மறைந்தது.

“தாத்தா, திரும்பிவிடுவோம்” என்றாள் பேத்தி.

எனக்குச் சுருக்கென்றது. “காலையிலிருந்து எத்தனை மேகம் வந்து போயிற்று! இதுவும் போகும். நேரமோ நிறைய இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்த ஒன்றை விட்டுப் போவதா? ஊரில் போய் என்ன சொல்வேன்?” என்றேன். மருமகன் வாய்திறக்கவில்லை. வரைபடத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தான்.

“நேற்று இரவு பேசிக்கொண்டோமே, தாத்தா.”

“உனக்குப் பயமாயிருந்தால் நீயும் அப்பாவும் இங்கேயே இருங்கள். நான் போய் வருகிறேன்.” இப்படிச் சொன்னவன் நான்தான், அன்பர்களே. எழுதவே கூச்சமாயிருக்கிறது.

அவள் குரல் நடுங்கியது. ஆயினும் கண்ணைத் தாழ்த்தவில்லை. “பயம்தான், தாத்தா. நீங்கள் போனால் அப்பாவும் உங்கள் பின்னால் வருவார். மாமாவை எதிர்த்துப் பேச அவரால் முடியாது. அதனால்தான் நான் சொல்கிறேன்.”

மருமகனின் முகத்தைப் பார்த்தேன். மேகம் இறங்கியதை அவன் முன்பே கண்டிருந்தான், அஞ்சியும் இருந்தான். மரியாதை அவன் நாவைக் கட்டியிருந்தது. என் மூப்பை நான் எதற்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைத்தடியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தேன். யாரும் பேசவில்லை.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. காற்று எங்களைத் தள்ளத் தொடங்கிற்று. ஆலங்கட்டி முகத்தில் அறைந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. என் மழைச்சட்டையின் பொத்தானைப் போட விரல்கள் மறுத்தன, பேத்திதான் போட்டுவிட்டாள். அகன்ற அந்த மலைமுதுகிலேயே இந்நிலையென்றால், ஒடுங்கிய பாறைவரப்பின் நடுவில் நாங்கள் என்ன ஆகியிருப்போம்? அதைக் கடந்து பென் நெவிஸை அடைந்திருந்தாலும் இடர் தீர்ந்திராது. அதன் உச்சி தட்டையானது. மூடுபனியில் செங்குத்துச் சரிவின் விளிம்பு தெரியாது. வரைபடக் கணக்கில் 231 பாகைத் திசையில் 150 மீட்டர் நடந்து, பின்பு 282 பாகைக்குத் திரும்பித்தான் பாதுகாப்பாக இறங்கவேண்டும். திசைகாட்டியின்றி இறங்க முயன்று உயிரிழந்தோர் உண்டு.

அன்று இரவு, சூடான சூப்பின் முன் அமர்ந்திருந்தபோது, மருமகன் ஒரு பழைய துயரத்தைச் சொன்னான். 1971 நவம்பரில் எடின்பரோ நகரப் பள்ளியொன்றின் மாணவர்கள் இரு குழுக்களாகக் கேர்ன்கோர்ம் மலைமேட்டைக் கடக்கப் புறப்பட்டார்கள். ஒரு குழு தப்பிப் பிழைத்தது. மற்றதைப் பனிப்புயல் வழியிலேயே மறித்தது. மேட்டின்மேலிருந்த சிறு புகலிடத்தை அவர்களால் எட்ட முடியவில்லை. திறந்தவெளியில், பனியில், இரண்டு இரவுகள். ஐந்து மாணவர்களும், பதினெட்டே வயதான துணைத்தலைவி ஒருத்தியும் மாண்டார்கள். அப்பிள்ளைகளின் வீடுகளிலும் யாரோ அரைமனத்தோடு விடைகொடுத்திருப்பார்கள் அல்லவா? பேத்தி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அக்கதையை முன்பே அறிந்திருந்தாள்.

ஊர் திரும்பியபின் ஸ்காட்லாந்து மலைகளைப் பற்றிச் சில நூல்களைப் படித்தேன். அந்நாட்டில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891-இல் முதன்முதலாகப் பட்டியலிட்டவர் சர் ஹியூ மன்ரோ. இன்று அம்மலைகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன, எண்ணிக்கை 282. ஆனால் தாம் தொகுத்த பட்டியலை முழுதும் ஏறிமுடிக்காமலே 1919-இல் அவர் காலமானார். அதை முதன்முதலில் முடித்தவராகச் சொல்லப்படுபவர் ராபர்ட்சன் என்னும் போதகர், ஆண்டு 1901. அவருடைய நாட்குறிப்பை ஆராய்ந்தவர்களோ, பென் வைவிஸ் என்ற மலையில் கனமழை வரவே அவர் பாதியில் திரும்பியதைக் கண்டார்கள். மீண்டும் அங்கே ஏறியதற்குக் குறிப்பு இல்லை. அதனால் அவரை யாரும் இகழவில்லை. நனைய விரும்பாமல் திரும்பிய மனிதர் என்று அன்போடு சிரித்துக்கொள்கிறார்கள்.

மலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்க்குச் சில சொற்கள். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சும் பருத்தியை விடுத்து, கம்பளியும் மழையுடையும் கொடுங்கள். ஓர் ஊதல் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது உதவி கோரும் அடையாளம். எந்த நிலையில் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே முடிவுசெய்யச் சொல்லுங்கள்; உச்சி கண்ணில் பட்டபின் மனம் நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிடும். குழுவில் யாவருக்கும் இளையவர் திரும்புவோம் என்று சொன்னாலும் மற்றவர் கேட்கவேண்டும். பெரியவர்களாகிய நமக்கு இந்தக் கடைசி விதியே கடினமானது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பேத்தியிடமிருந்து கடிதம் வந்தது. தோழியரோடு அதே பாதையில் சென்று நான்காம் சிகரத்தையும் ஏறிவிட்டாளாம். உள்ளே ஒரு நிழற்படம். கற்குவியல் ஒன்றின்மேல் கைவைத்து நிற்கிறாள். பின்னால் வெள்ளை மூடுபனியைத் தவிர வேறொன்றுமில்லை. “உச்சியை அடைந்த பிறகுதான் மேகம் சூழ்ந்தது, தாத்தா. அங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லை. வரப்பைக் கடக்கும்போது மட்டும் வானம் தெளிவாக இருந்தது. இறங்கும்போது திசைகாட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன்” என்று எழுதியிருந்தாள்.

அந்தப் படம் என் மேசைமேல் இருக்கிறது. வீட்டுக்கு வருவோர், “இது எந்த இடம்? ஒன்றும் தெரியவில்லையே!” என்று கேட்பார்கள். “நான் ஏறாமல் விட்ட சிகரம்” என்று சொல்வேன்.