யாருக்கு விசுவாசம்?



போராட்டம் என்று நாம் நோட்டீஸ் கொடுத்தாலே ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்புகிறது. "இலவச கரண்ட் வாங்குறீங்க, மானியத்துல உரம் வாங்குறீங்க, கடனைத் தள்ளுபடி பண்ணுனாங்க. கொடுத்த கவர்மெண்டுக்கு எதிராவே கொடி பிடிக்கிறீங்களே, நன்றி விசுவாசம் வேண்டாமா?" என்கிறார்கள். நாலு எழுத்து கூடப் படித்தவர்கள் "தேசத்துரோகம்" என்றே சொல்லிவிடுகிறார்கள். பேசுவது வெளியாள் இல்லை. நம்ம பங்காளி, நம்ம மாமன் மச்சான், ஏதோ ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். அதனால் கோபப்படாமல் பதில் சொல்வோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைப்போம். ஆனால் இந்த நாட்டில் உப்பிட்டவன் யார்? ரேஷன் கடை அரிசி எந்தக் கோட்டையில் விளைந்தது? சேற்றில் இறங்கி ஊருக்குச் சோறு போடுகிறவனைப் பார்த்து, தின்று விட்டுக் கை கழுவுகிறவன் நன்றியைப் பற்றிப் பேசுவதா?

இலவச கரண்ட் எப்படி வந்தது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மின்கட்டணத்தைப் பைசாக் கணக்கில் ஏற்றியதை எதிர்த்துக் கோவைப் பக்கத்து விவசாயிகள் 1970ல் எழுந்தார்கள். ஜூன் 19ல் பெருமாநல்லூரில் மூன்று பேர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரமே திணறும்படி மாட்டு வண்டிகள் வந்து நின்றன. அந்த ஆண்டு ஜூலை 5ல் துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்களை நினைத்துத்தான் இன்றும் அந்த நாளை உழவர் தினம் என்கிறோம்.

அப்போது நடந்தது தி.மு.க. ஆட்சி. பிறகு வந்த எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விவசாயி மேல் குண்டு பாய்ந்தது. அதே எம்.ஜி.ஆர். ஆட்சிதான் 1984ல் சிறு விவசாயிக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1990ல் எல்லா விவசாயிக்கும் கொடுத்தது கலைஞர் ஆட்சி. சுட்டதும் அவர்கள்தான், கையெழுத்துப் போட்டதும் அவர்கள்தான்! இரண்டுக்கும் நடுவில் மாறாமல் நின்றது ஒன்றே ஒன்று, நம்ம கோரிக்கை. முந்தின தலைமுறை ஆட்சிக்கு விசுவாசம் காட்டி வீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு நம்ம மோட்டாருக்கு மாசம் எவ்வளவு பில் வரும்? கணக்குப் போட்டுப் பாருங்க.

சரி, தேசத்துரோகம் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். 1922ல் வெள்ளைக்காரன் காந்தி மேல் ராஜத்துரோக வழக்குப் போட்டான். கோர்ட்டில் தொழில் என்னவென்று கேட்டதற்கு "விவசாயி, நெசவாளி" என்றுதான் சொன்னார் அவர். சட்டம் போட்டு யாரிடமும் அன்பை வாங்க முடியாது என்று வாதாடிவிட்டு, ஆறு வருஷ தண்டனையை ஏற்றுக்கொண்டார். அன்றைக்கு ராஜாவுக்குத் துரோகி; இன்றைக்கு தேசப்பிதா!

சுதந்திர இந்தியாவிலும் அதே பட்டம்தான். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பர் முதல் ஒரு வருஷத்துக்கு மேல் டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் கிடந்தவர்களைக் காலிஸ்தானி என்றார்கள், தேசவிரோதி என்றார்கள். அந்தப் பஞ்சாப், ஹரியானா கிராமத்துப் பிள்ளைகள்தான் எல்லையில் துப்பாக்கி பிடித்துக் காவல் நிற்கிறார்கள். கடைசியில் என்ன ஆச்சு? 2021 நவம்பர் 19ல் பிரதமரே சட்டங்களை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். துரோகிகள் கேட்டதையா ஒரு பிரதமர் கொடுப்பார்?

நாடு வேறு, ஆட்சி வேறு, கட்சி வேறு. ஆட்சி ஐந்து வருஷம், கட்சி அது உடைகிற வரைக்கும். மண்ணும் அதில் பாடுபடுகிற ஜனமும்தான் நாடு. அந்த நாட்டுக்கு நாம் விசுவாசமாகத்தான் இருக்கிறோம். நஷ்டம் என்று தெரிந்தும் அடுத்த போகத்துக்கு விதை விடுகிறோமே, அதைவிட என்ன தேசபக்தி வேண்டும்?

விசுவாசம் ஒருவழிப் பாதையும் இல்லை. ஆள்கிறவனுக்கும் அது உண்டு. கொடுத்த வாக்கைக் காப்பதுதான் அவன் காட்ட வேண்டிய விசுவாசம். குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு சட்டம் கேட்டோம். 2022 ஜூலையில் மத்திய அரசு ஒரு குழுவைப் போட்டது. மாநிலத்தில் 2021 தேர்தலுக்கு நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், கரும்பு டன்னுக்கு 4,000 ரூபாய் என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. நெல்லுக்கு அந்த விலை வர 2025-26 பருவம் வரை காத்திருந்தோம். கரும்புக்கு 2024-25 அரவைப் பருவத்தில் ஊக்கத்தொகையும் சேர்த்து வந்தது 3,500. வாக்குத் தவறியவனை விட்டுவிட்டு, கேட்கிறவனைத் துரோகி என்பது எந்த ஊர் நியாயம்?

இதில் நமக்குள்ளே பேச வேண்டியதும் உண்டு. பச்சைத் துண்டு போட்டு ரோட்டுக்கு வருகிற நாம், எலெக்‌ஷன் வந்தால் துண்டை மடித்து வைத்துவிட்டுக் கட்சிக் கரை வேட்டிக்கு மாறிவிடுகிறோம். 1982ல் நாயுடு கட்சி தொடங்கியபோதும் இதுதான் நடந்தது. போராட்டத்துக்குத் திரண்ட கூட்டம் ஓட்டுப் பெட்டியில் தெரியவில்லை. 1984 டிசம்பரில் அவர் மறைந்த பிறகு இயக்கம் பல சங்கங்களாகப் பிரிந்தது. தலைவருக்கு விசுவாசமாக இருந்தவர்கள் தலைவரோடு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கோரிக்கைக்கு விசுவாசமாக இருந்திருந்தால் ஒரே இடத்தில் நின்றிருப்பார்கள்.

எனவே, தோழர்களே! கட்சியில் இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர் உங்கள் கட்சிக்காரராகவே இருந்தாலும், கரும்பு விலை என்ன ஆச்சு என்று முதலில் கேளுங்கள். உங்கள் கட்சி ஆட்சியில் இருக்கும்போதும் மனு கொடுக்க வாருங்கள். அடுத்த காட்டுக்காரன் வேற கட்சி, வேற சாதி என்றாலும் அவன் வயலில் ஜப்தி என்றால் போய் நில்லுங்கள். சங்கத் தீர்மானத்தை மீறினால் தலைவரையும் செயலாளரையும் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேளுங்கள். எங்களுக்கும் கண்மூடி விசுவாசம் வேண்டாம்.

தலைவர் மாறலாம், ஆட்சி மாறலாம், கோரிக்கை மாறாது!
உழவர் ஒற்றுமை ஓங்குக!