சைக்கிள் பிடியை மாற்ற ஆண்பிள்ளை வரவேண்டுமா?

காலை எட்டு மணி. அறந்தாங்கிச் சாலை. ஒரு தாய் சைக்கிள் மிதித்து வருகிறாள். பின்னால் காரியரில் அவள் மகள். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்குகிறது.

சாலையில் ஒரு பள்ளம். சைக்கிள் குலுங்குகிறது. வலது கையில் பிடித்திருந்த ரப்பர் பிடி, அப்படியே கழன்று கையோடு வந்துவிடுகிறது!

நல்ல வேளை, விழவில்லை. காலை ஊன்றி நின்றுவிட்டாள். கழன்ற பிடியை மறுபடியும் குழாயில் செருகினாள். "சாயந்திரம் அப்பா வரட்டும். கடைக்கு எடுத்துப்போகச் சொல்லலாம்" என்றாள் மகளிடம்.

சாயந்திரம் அப்பா வந்தார். அலுப்பு. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். மறுநாளும் அதே பதில். ஒரு வாரம் போயிற்று. பிடியின்மேல் ஒரு கிழிசல் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அந்தத் தாய் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தத் தெருவிலும் இப்படி நாலு சைக்கிள்களைப் பார்க்கலாம். சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண்ணுக்கு ஒரு ரப்பர் துண்டை மாற்ற முடியாதா? முடியும். யாரும் சொல்லித் தரவில்லை. அதுதான் குறை.

ஊரே திரண்டு கற்றது

மற்ற ஊரில் இப்படி இருந்தால் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் இருப்பதுதான் வருத்தம்!

1991-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இயக்கம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. அவர் ஒரு புதுமை செய்தார். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்.

ஏன் சைக்கிள்? பஸ் போகாத கிராமங்களுக்குப் பாடம் சொல்லப் போகவேண்டும். பெண்கள்தான் போகவேண்டும். நடந்துபோனால் நேரம் ஆகும். ஆண் துணையை எதிர்பார்த்தால் காரியம் நடக்காது.

கல் உடைக்கும் பெண்கள் கற்றார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள் கற்றார்கள். அங்கன்வாடி ஊழியர்கள், நர்சுகள், ஆசிரியைகள் எல்லாரும் கற்றார்கள். முதலில் கேலி பேசினவர்கள் உண்டு. அதற்கெல்லாம் அவர்கள் காது கொடுக்கவில்லை. சைக்கிள் பயிற்சிக்கென்றே பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் பாடினார்கள். வாங்க வசதி இல்லாதவர்களுக்கு பாங்கியில் கடன் கிடைத்தது.

பெண்களுக்கான சைக்கிள் போதவில்லை. அதனால் என்ன? குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். அந்தக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு!

ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். 1992-ல் மகளிர் தினத்தன்று கொடி கட்டிய சைக்கிள்களில், மணி அடித்தபடி, பெண்கள் புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் போனார்கள். கடைவீதியே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

அன்று ஓட்டியவர்களில் பலர் இன்று பாட்டிகள். அவர்களுடைய பேத்திகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இலவச சைக்கிள் கிடைக்கிறது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று அரசு தொடங்கியது. 2005-06 முதல் மற்ற மாணவ மாணவியருக்கும் வந்தது. சைக்கிள் வந்துவிட்டது. ஓட்டவும் தெரிகிறது. ஆனால் ஒரு திருகு கழன்றால் அண்ணனைத் தேடுகிறார்கள், தம்பியைக் கூப்பிடுகிறார்கள். பாட்டி பாதி தூரம் ஓட்டிவந்து நிறுத்தினாள். மீதி தூரம் அப்படியே கிடக்கிறது.

ரப்பர்தானே என்று விடலாமா?

பிரேக் பிடிக்கவில்லை என்றால் எல்லாரும் பயப்படுகிறார்கள். பிடி கழன்றால் யாரும் பயப்படுவதில்லை. இது தவறு.

சைக்கிளைத் திருப்புவது அந்த இரண்டு பிடிகள்தான். ஒன்று வழுக்கினால் சைக்கிள் ஒரு பக்கமாக ஒடிந்து திரும்பும். எதிரே லாரி வந்தால் என்ன கதி?

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. பிடியின் முனை கிழிந்துபோனால், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயின் வாய் வெளியே தெரியும். சிறுபிள்ளை விழும்போது ஹேண்டில்பார் திரும்பி, அந்தக் குழாய் வயிற்றில் குத்தும். வெளியே சின்னச் சிராய்ப்புதான் தெரியும். உள்ளே ஈரல், மண்ணீரல், கணையம் காயப்பட்டிருக்கலாம். டாக்டர்கள் உலகம் முழுவதும் கண்டு எச்சரிக்கும் காயம் இது. ஹேண்டில்பார் வயிற்றில் இடித்தது என்று குழந்தை சொன்னால், காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு ரப்பர் உறை இவ்வளவையும் தடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது!

மாற்றுவது இப்படித்தான்

இந்த வேலைக்கு ஸ்பானர் வேண்டாம். பலம் வேண்டாம். பிளேடு, சோப்பு, பழைய துணி இருந்தால் போதும்.

முதலில் கடையில் புதுப் பிடி வாங்கவேண்டும். 'கிரிப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பழையதை மாதிரிக்குக் கையில் கொண்டுபோவது நல்லது. பெரும்பாலான சைக்கிள்களில் குழாயின் வெளி அகலம் 22 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. நீளம் மட்டும் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். முனை மூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பழைய பிடியை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம். கீறும்போது பிளேடு உடம்பைப் பார்த்து வரக்கூடாது, வெளிப்பக்கம் போகவேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது.

பிடி நல்ல நிலையில் இருந்து, தளர்ந்துமட்டும் போயிருந்தால் வெட்டவேண்டாம். கரண்டிக் காம்பால் விளிம்பைத் தூக்கி, உள்ளே சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகினால் வந்துவிடும்.

பிறகு குழாயைப் பார்க்க வேண்டும். துரு இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, காயவிட வேண்டும். இந்த வேலையைச் சோம்பல்படாமல் செய்யவேண்டும். துருவின்மேல் போட்ட பிடி நிற்காது.

இனிப் புதுப் பிடி. விறைப்பாக இருந்தால் இரண்டு நிமிஷம் வெந்நீரில் போட்டு எடுக்கலாம். உள்ளே சோப்புத் தண்ணீரைத் தடவி, மிச்சத்தை உதறிவிட்டு, ஒரே மூச்சில் திருகித் திருகித் தள்ளவேண்டும். பாதியில் நிறுத்தினால் பிடித்துக்கொள்ளும். முனை மூடிய பிடி என்றால் உள்ளே காற்று அடைபட்டுத் திருப்பித் தள்ளும். விளிம்பில் ஒரு மெல்லிய குச்சியை நுழைத்தால் காற்று போய்விடும்; பிடி உட்கார்ந்துவிடும்.

அன்று ராத்திரி முழுவதும் தொடாமல் விட்டுவிட வேண்டும். காலையில் திருகிப் பார்த்தால் அசையக்கூடாது. அசைந்தால் இன்னும் ஒரு நாள் காயட்டும். அப்போதும் ஆடினால், பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் குழாயில் மாட்டி, அதன்மேல் பிடியைப் போட்டால் இறுகிவிடும்.

ஒன்றுமட்டும் செய்யக்கூடாது. கைக்கு எட்டினது தேங்காய் எண்ணெய் என்று அதைத் தடவக்கூடாது! சுலபமாக ஏறும். ஆனால் எண்ணெய் காயாது. பிடி என்றைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும். சோப்புத் தண்ணீர் காய்ந்துபோகும். ரப்பர் குழாயைக் கவ்விக்கொள்ளும். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

பணக்காரர்கள் ஆடும் கோல்ப் ஆட்டத்திலும் இதே சூட்சுமம்தான். ஊட்டி, கொடைக்கானல் மலைகளில் அந்த மைதானங்கள் உண்டு. அந்த மட்டைகளுக்கும் ரப்பர் பிடி இருக்கிறது, தேய்ந்தால் மாற்றவேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவைச் சுற்றி, சீக்கிரம் ஆவியாகும் திரவத்தை ஊற்றி, வழுக்கிக்கொண்டு இருக்கும்போதே பிடியை ஏற்றிவிடுகிறார்கள். திரவம் ஆவியானதும் பிடி நின்றுவிடுகிறது. விலை உயர்ந்த மட்டை வைத்திருக்கும் சீமான்களே பல நாடுகளில் இதை வீட்டில் உட்கார்ந்து தாங்களே செய்துகொள்கிறார்கள்! அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. நம் ஊர்ப் பெண்களுக்குமட்டும் ஏன் தயக்கம்?

கடைக்காரர் பிழைப்பு

"எல்லாரும் வீட்டிலேயே செய்துகொண்டால் சைக்கிள் கடைக்காரர் என்ன செய்வார்?" என்று கேட்பார்கள்.

அவருக்கு வேலை குறையாது. வளைந்த ரிம்மை நிமிர்த்துவது, குண்டு மாற்றுவது எல்லாம் கைத்தேர்ச்சி உள்ள வேலை. அதற்கு அவரிடம்தான் போகவேண்டும். பிடியை விற்ற காசும் அவருக்குத்தான். மாட்டுகிற வேலையில் அவருக்கு என்ன பெரிய வரும்படி? "சைக்கிளை விட்டுட்டுப் போம்மா, சாயந்திரம் வா" என்று அவர் சொல்லும் நாளில், அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறதே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

வீட்டில் ஆண்கள் சொல்லும் தடை வேறு. "உனக்கு எதற்கு இந்த வேலை? கையெல்லாம் அழுக்காகும்" என்பார்கள். அடுப்புக் கரியும் மாட்டுச் சாணமும் பட்ட கைக்கு சைக்கிள் துரு என்ன புதிதா?

ஆகவே பள்ளிக்கூடங்கள் ஒன்று செய்யலாம். சைக்கிள் கொடுக்கும் நாளில் மேடை, மாலை, பேச்சு எல்லாம் இருக்கட்டும். அதே வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உள்ளூர்க் கடைக்காரரையே கூப்பிட்டு, ஒரு பழைய ஹேண்டில்பாரை மேஜைமேல் வைத்து, ஒவ்வொரு மாணவியையும் ஒருமுறை பிடியை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். அவருக்கு அதற்கான கூலியைக் கொடுத்துவிடலாம். அடுத்த வாரம் பிரேக் கட்டை. அதற்கடுத்த வாரம் பஞ்சர். வெறும் சோப்புத் தண்ணீருக்கு அரசாங்க உத்தரவு வரும்வரை தலைமை ஆசிரியர்கள் காத்திருக்கத் தேவையில்லை.