உப்புத்தாளும் ஈயத்தூளும்

எங்கள் மல்லசமுத்திரத்துக்குப் பெயரில் மட்டும்தான் சமுத்திரம். கடல் பார்க்க வேண்டுமென்றால் பல மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். அதனால் பழைய படகு மோட்டாருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பதெல்லாம் நாகப்பட்டினத்துக்காரர் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றும். அங்கே படகு மோட்டார் என்றால் இங்கே கிணற்று ஆயில் என்ஜின், டிராக்டர் பானெட். செய்முறை ஒன்றேதான். கம்பி பிரஷ், உப்புத்தாள் வைத்துப் பழைய பெயிண்டைச் சுரண்டு, தூளை ஊதித் தள்ளு, ரெட் ஆக்சைடு அடி, மேலே எனாமல் அடி. எல்லாம் வீட்டு வாசலில், சுற்றி நின்று குழந்தைகள் வேடிக்கை பார்க்க!

பெயிண்ட் அடிப்பதை நான் குறை சொல்லவில்லை. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அது வேண்டும். காய்ந்த பழைய பெயிண்டை வீட்டில் வைத்துத் தூளாக்குகிறோமே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

காரணம் ஈயம். இயந்திரங்களிலும் லாரிகளிலும் நாம் பார்த்துப் பழகிய பளீர் மஞ்சள் பல காலம் ஈயக் குரோமேட்டில் இருந்து வந்தது. ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்கள் பலவற்றிலும் ஈயம் உண்டு. துருவைத் தடுக்க அடியில் அடித்த 'ரெட் லெட்' முழுக்க முழுக்க ஈய ஆக்சைடு. (இன்று கடையில் கிடைக்கும் செங்கல் நிற ரெட் ஆக்சைடு வேறு, அது இரும்பு ஆக்சைடு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) படகு மோட்டாரின் உடம்பு அலுமினியம். அதன் அடிப்பூச்சாகப் பயன்பட்ட துத்தநாகக் குரோமேட் புற்றுநோய் தரக்கூடியது. பெயிண்ட் ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. உப்புத்தாள் பட்ட நிமிடத்தில் அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி மூச்சிலும் மண்ணிலும் கலக்கிறது. ப்ளோ லாம்ப் வைத்துச் சுட்டு உரித்தால் இன்னும் மோசம், ஈயம் புகையாகவே வரும்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து இப்படித்தான் செய்யறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். ஆனதா இல்லையா என்று யார் பரிசோதித்துப் பார்த்தார்கள்? ஈயம் காய்ச்சல் மாதிரி வந்து படுக்க வைக்காது. ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். இவ்வளவு ஈயம் இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைப் போல 4 முதல் 5 மடங்கு வரை சிறு குழந்தைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அது தாக்குவது வளரும் மூளையை, கவனத்தை, கற்கும் திறனை. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் பிள்ளைக்கு வாசலில் நாமே ஈயத்தைத் தூவுகிறோம். பிறகு அதே பிள்ளையைப் பார்த்து "மண்டையில ஒண்ணுமே ஏறல" என்று அடிக்கிறோம். எல்லாப் பிள்ளைக்கும் ஈயம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காரணமாக இருக்கக்கூடிய ஒன்றை நம் கையாலேயே ஏன் கொடுக்க வேண்டும்?

சட்டம் என்ன செய்தது? அமெரிக்கா வீட்டு பெயிண்டில் ஈயத்தை 1978லேயே தடை செய்தது. இந்தியா 2016 நவம்பரில் விதி கொண்டு வந்தது. பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற அந்த விதி ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அதன் தலைப்பிலேயே ஓட்டை இருக்கிறது. வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்ட் மட்டும்தான் அதற்குள் வரும், இயந்திரத்துக்கு அடிக்கும் தொழிற்சாலை பெயிண்ட் வராது. இயந்திரம் ஃபேக்டரியில் இருக்கும், முகமூடி போட்டவர்கள் அடிப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போல. இங்கே இயந்திரம் திண்ணைக்குப் பக்கத்தில் நிற்கிறது சார்! திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளையும் நாமக்கல் லாரிகளையும் நம்பிப் பிழைக்கிற பகுதி இது. இங்கே அந்த ஓட்டை சின்ன ஓட்டை இல்லை. பிலிப்பைன்ஸ் 2019 கடைசிக்குள் தொழிற்சாலை பெயிண்டிலும் ஈயத்தை நிறுத்தச் சொன்னது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது? பெட்ரோலில் இருந்த ஈயத்தை 2000இல் நாமே எடுத்தோமே, வண்டிகள் ஓடாமல் நின்றுவிட்டனவா?

சட்டம் திருந்தினாலும் ஏற்கெனவே அடித்த பழைய பெயிண்ட் அப்படியே இருக்கும். அதனால் நாம் செய்ய வேண்டியவை சில:

1. உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பர் வாங்கி, ஈரம் செய்துகொண்டே தேய்த்தால் தூள் பறக்காது. தண்ணீர் என்ஜினுக்குள் போகாமல் வாயை அடைத்துக்கொள்ளுங்கள்.

2. நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தைச் சுரண்டவே வேண்டாம். உரிந்த இடம் போதும்.

3. கீழே தார்ப்பாய் விரியுங்கள். விழுந்த சேற்றைக் கிணற்று மேட்டில் கொட்டாமல் பையில் கட்டுங்கள், எரிக்காதீர்கள்.

4. கர்ச்சீப் மாஸ்க் ஆகாது. கொரோனா காலத்தில் பார்த்த என்95 மாதிரி இறுக்கமானதாவது போடுங்கள்.

5. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்திலேயே வரக்கூடாது. போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. ஒரு வாளித் தண்ணீரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் போதும். என்ஜின் பளபளவென்று இருக்க வேண்டும் என்று இவ்வளவு மெனக்கெடும் நாம், பிள்ளைகளுக்காக அந்த ஒரு மணி நேரம் செலவழிக்க மாட்டோமா?